கணினி மறந்துபோன டிவிடி டிரைவ்

மடிக்கணினியின் டிவிடி டிரைவ் ஒரு நாள் திரையிலிருந்து காணாமல் போனது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கு மினுக்குகிறது, வட்டு சுற்றும் சத்தமும் கேட்கிறது. கணினிக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பழுது பார்ப்பவர் கையில்கூட வாங்கிப் பார்க்காமல், "லென்ஸ் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். லென்ஸ் போனால் வட்டைப் படிக்காது, சரி. டிரைவின் பெயருமா மறைந்துவிடும்? அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்து, யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கினேன்.

அதுவும் தெரியவில்லை!

யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், மின்சாரம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலைக் கேபிள் தேடி அலைந்ததில் ஒரு மாலை வீண்.

முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன்: கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். இரண்டு டிரைவ்களின் மீதும் மஞ்சள் ஆச்சரியக்குறி, இரண்டிலும் கோட் 39, அதாவது டிரைவை இயக்கும் மென்பொருளை ஏற்ற முடியவில்லை என்ற பிழை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே நோயா? விண்டோஸை விட்டுவிட்டு, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பார்த்தேன். 'லென்ஸ் போன' டிரைவ் வட்டைச் சமர்த்தாகப் படித்தது. கோளாறு டிரைவில் இல்லை, விண்டோஸில். காசைச் செலவழிப்பதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

குற்றவாளி, முந்தைய வாரம் நான் நீக்கிய பழைய வட்டு எழுதும் மென்பொருள். போகிற போக்கில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் கோப்பின் பெயரை விட்டுவிட்டுப் போயிருந்தது. எந்த டிரைவைச் செருகினாலும் விண்டோஸ் அந்த இல்லாத கோப்பைத் தேடி, கிடைக்காமல், டிரைவையே முடக்கிவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியின் கிளாஸ் பகுதியில் 4டி36இ965 என்று தொடங்கும் கோப்புறைக்குள் இருக்கும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் அழிக்க வேண்டும். முன்னதாக ஒரு நகல் எடுத்துவைப்பது கட்டாயம். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்: 965-க்குப் பதில் 967-இல் கை வைத்தால் அது ஹார்ட் டிஸ்க்கின் இடம், விண்டோஸே எழாமல் போகலாம். எனக்கு விரல் நடுங்கியது உண்மை.

மறுதொடக்கம் செய்ததும் டிரைவ்கள் இரண்டும் வந்து நின்றன. இரண்டாவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.