இரண்டு கட்டை ஐரிஷ் மரக்குழல்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் தொடங்குபவர்களுக்கு

ஆறு துளையையும் மூடினால் அடி டி சுரம் வரவில்லை. ஐரிஷ் மரக்குழலைப் புதிதாக எடுப்பவர்கள் முதலில் சொல்லும் புகார் இதுதான். மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக ஊதுவார்கள். தலை சுற்றும், சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும், இல்லையென்றால் வெறும் காற்றுச் சத்தம் வரும். பெரும்பாலும் குறை மூச்சில் இருக்காது. எங்கோ காற்று கசிகிறது. விரலடியில் கசியலாம், இணைப்பில் கசியலாம், தலைப்பகுதியின் முனையை அடைக்கும் கார்க்கில் கசியலாம், மரத்தில் விழுந்த மயிரிழை வெடிப்பிலும் கசியலாம். நம் பக்கத்துக் கோடையில் இணைப்பு தளர்வதும் மரம் வெடிப்பதும் சகஜம். அதனால் இந்தப் பதிவில் விரல் பாடத்தைவிடக் கசிவுக்கும் மரப் பராமரிப்புக்கும்தான் இடம் அதிகம்.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் பட்டறைகள் கச்சேரிக்காரர்களுக்குக் கடைந்து கொடுத்த மரக்குழல் இது. ருடால் அண்ட் ரோஸ் பட்டறையின் குழல்களும், பூஸி வெளியிட்ட பிராட்டன் மாதிரியும் இன்றைக்கும் அளவுகோல். தியோபால்ட் போம் 1847-இல் நேர்த்துளை உலோகக் குழலைக் கொண்டுவந்த பிறகு, ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மெல்ல மெல்ல மரக்குழலைக் கைவிட்டார்கள். பழையது மலிவாகி அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞர்கள் கைக்குப் போனது. ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் பகுதிகளில் அது வேரூன்றியது. லீட்ரிமில் பிறந்து நியூயார்க்கில் இசைத்தட்டு கொடுத்த ஜான் மெக்கென்னா (1880–1947), ராஸ்காமன்காரரான மேட் மொல்லாய் இருவரையும் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. முன்னவரிடம் மூச்சின் உந்தலில் தாளம் பிறப்பதைக் கேட்கலாம், பின்னவரிடம் விரல் வேலை.

உள்ளே துளை கூம்பாகப் போகும். தலைப்பகுதியில் ஏறத்தாழ 19 மி.மீ. நேர்த்துளை, உடற்பகுதியில் குறுகிக்கொண்டே போய் அடியில் சுமார் 12 மி.மீ. நம் மூங்கில் குழலில் இந்தக் குறுகல் கிடையாது. கூம்புதான் மேல் ஸ்தாயியைச் சுருதியில் நிறுத்துகிறது. விரல் துளைகளையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கிறது. ஓசூர் லேத் பட்டறைக்காரர்களுக்கு டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் ராடு புதிதல்ல, புஷ் கடைந்தே பழக்கம். ஆனாலும் சரியான கூம்பு ரீமர் (துளையை உள்ளே செதுக்கும் கருவி) இல்லாமல் இந்தத் துளையைப் போட முடியாது. அஞ்செட்டிக் காட்டு ஆச்சா மரத்தில் கடையலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நாகசுரம் அந்த மரத்தில்தான் வருகிறது, மரம் ஒரு தடையே இல்லை. கூம்பும் துளைகளின் அளவும்தான் தடை.

கர்நாடகக் குழல் வாசித்தவர்களுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. இந்தக் குழல் டி சுருதி, அதாவது இரண்டு கட்டை. ஆனால் ஸ இருக்கும் இடம் வேறு. நம் குழலில் மேலிருந்து இரண்டு துளை மூடினால் ஸ. இங்கே ஆறும் மூடினால் ஸ. ஒவ்வொரு விரலாகக் கீழிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, கடைசியில் எல்லாம் திறந்தால் சி ஷார்ப். அப்படியே சங்கராபரணம். பழைய விரல்படி ஏ-யை ஸ ஆக வைத்தால் ஆறு கட்டை ஹரிகாம்போஜி கிடைக்கும். ஈ-யை ஸ ஆக்கினால் கரஹரப்ரியா, பி-யில் நடபைரவி. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். சி இயல்பு சுரம் வேண்டுமென்றால் முதல் துளையைத் திறந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் மூடிப் பாருங்கள். சில குழல்களில் இரண்டாவது மட்டும் போதும். அதனால் முதல் வருடத்துக்குச் சாவி (கூடுதல் துளைகளைத் திறக்கும் உலோக நெம்பு) வைத்த குழல் தேவையே இல்லை. சாவி இல்லாத ஆறு துளைக் குழலே வாங்குங்கள்.

எதை வாங்குவது? தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவருக்கு என் பதில் டெல்ரின். ஆப்பிரிக்க பிளாக்வுட், பாக்ஸ்வுட், கோகஸ் என்று மரங்கள் உண்டு, நாதமும் அழகு. ஆனால் தொடங்குகிறவருக்கு வெடிக்காத, எண்ணெய் கேட்காத, பைக் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய குழல் வேண்டும். மரம்தான் வேண்டும் என்றால், தலைப்பகுதியில் முழுநீள உலோக உறை இல்லாத குழலாகப் பாருங்கள், காரணம் பின்னால் வருகிறது. கை சிறியவர்கள் ருடால் மாதிரி, அதாவது சின்னத் துளை எடுப்பது நல்லது; பிராட்டன் மாதிரியின் பெரிய துளைக்குச் சத்தம் அதிகம், மூச்சும் விரல் விரிப்பும் கூடுதலாகக் கேட்கும். இணையக் கடைகளில் சீஷம் மரத்தில் பித்தளை வளையம் போட்டு, பெட்டியோடு மலிவாக வருவதைத் தொடாதீர்கள். வாய்த்துளை விளிம்பு மழுங்கியிருக்கும், சுருதி சேராது, நீங்கள் உங்கள் உதட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து பிளாக்வுட் வரவழைத்தால், அது சேர்ந்த டால்பெர்ஜியா இன மரங்கள் 2017-இல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் ஏறியதும், முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு கிடைத்ததும் தெரிந்திருக்கட்டும். சுங்க வரி தனிக் கணக்கு. இரண்டு மாதம் ஆசை நிற்கிறதா என்று பார்க்க டி சுருதி டின் விசில் என்ற சின்ன உலோக ஊதல் ஒன்று போதும். விரல் அமைப்பு ஏறக்குறைய அதேதான்.

இப்போது கசிவு. உடற்பகுதியை மட்டும் கழற்றி எடுத்து, துளைகளை விரலால் மூடி, அடிமுனையைத் தக்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு சில விநாடி வெற்றிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒவ்வொரு விரலாக இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். எந்த விரலை அழுத்தும்போது நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் இடது மோதிரவிரல், இல்லையென்றால் வலது மோதிரவிரல். எல்லா விரலையும் அழுத்தியும் நிற்காவிட்டால் குறை மரத்தில், அல்லது துண்டுகள் சேரும் இடத்தில். தலைப்பகுதிக்கும் இதே சோதனைதான்: வாய்த்துளையைக் கட்டைவிரலால் அடைத்துவிட்டு, திறந்த பக்கத்தில் உறிஞ்சுங்கள். இங்கே நிற்கவில்லையென்றால் கார்க் சுருங்கியிருக்கிறது, அல்லது ஸ்லைடுப் (சுருதி சேர்க்க இழுக்கும் உலோகக் குழாய்) பக்கத்தில் மரம் விட்டிருக்கிறது.

இணைப்பு தளர்ந்தால் தேன்மெழுகு தடவிய பருத்தி நூலை ஒரே சீராகச் சுற்றுங்கள். அவசரத்துக்கு பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று போதும். தடிமனாகச் சுற்றி முறுக்கித் திணித்தால் வெளியே இருக்கும் குழிப்பக்கம் பிளந்துவிடும். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகினால் இரண்டு மூன்று சுற்று நூலை அவிழ்த்துவிட வேண்டியதுதான், பலம் காட்டக் கூடாது. கார்க்கின் முகம் வாய்த்துளையின் நடுவிலிருந்து ஏறத்தாழ 19 மி.மீ. தள்ளி இருக்கட்டும். துடைக்கும் குச்சியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

உதடு. முதலில் தலைப்பகுதியை மட்டும் ஊதுங்கள். கீழ் உதடு வாய்த்துளையில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை மூடட்டும். உதட்டு ஓரங்கள் இறுகாமல், நடுவில் மட்டும் சின்ன இடைவெளி. காற்று எதிர் விளிம்பில் பட்டு இரண்டாகப் பிரிய வேண்டும், கொஞ்சம் கீழ்நோக்கியே போக வேண்டும். கண்ணாடி முன் நின்றால், எதிர்ப்பக்கத்தில் ஈரம் படிவதைக் காணலாம். அந்த ஈரம் வாய்த்துளைக்கு நேராக முக்கோணமாகப் படிந்தால் திசை சரி; பக்கவாட்டில் போனால் உதட்டை நகர்த்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காராதீர்கள். தலை சுற்றினால் நிறுத்துங்கள். அது தேவைக்கு மேல் மூச்சு வெளியேறியதன் விளைவு.

மேல் ஸ்தாயிக்கு அதிகம் ஊதுகிறவர்கள் கிறீச்சென்ற நாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே தேவைப்படுவது உதட்டு இடைவெளியைச் சுருக்கிக் காற்றை வேகப்படுத்துவதும், திசையைச் சற்று மேலே தூக்குவதும். மேல் டி-க்கு முதல் விரலைத் தூக்கிவிடுங்கள், சுரம் தெளிவாகத் திறக்கும்.

விரல்களை பி, ஏ, ஜி என்று மேலிருந்து தொடங்குங்கள். ஜி ஆடாமல் நிற்கும் வரை வலது கைக்குப் போக வேண்டாம். விரல் நுனியால் குத்தாமல் தட்டையாகப் படிய வையுங்கள். வலது கைக்கு எட்டவில்லையென்றால் நடுக்கணுவால் மூடலாம், ஐரிஷ் பைப் வாசிப்பவர்கள் பிடிக்கும் பிடி அதுதான். குழலைத் தாங்குவது விரல் இல்லை: இடது ஆட்காட்டிவிரலின் அடிப்பகுதி குழலைத் தாடைப் பக்கம் தள்ளும், வலது கட்டைவிரல் எதிர்ப்பக்கம் தள்ளும், தாடை மூன்றாவது முட்டு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஆறு விரலையும் தூக்கினாலும் குழல் விழாது. கையை இறுக்கிப் பிடித்தால் விரல் எழும்பாது, எழும்பாத விரலில் அலங்காரம் வராது.

மரக்குழல் வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் சோதனை. மார்ச் முதல் மே வரை தர்மபுரிக் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். உலர்ந்த மரம் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை உறை சுருங்காது. அதனால் வெடிப்பு முதலில் வருவது ஸ்லைடு உள்ள தலைப்பகுதியிலும், அதை ஏற்கும் பீப்பாய்த் துண்டிலும். முன்னறிவிப்பு உண்டு: இணைப்பின் உலோக வளையம் விரலால் தள்ளினாலே சுழல ஆரம்பித்தால் மரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து, சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு, 50 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். அதற்கு மேல் போனால் பூஞ்சை வரும். புதுக் குழலை முதல் வாரம் நாளுக்கு 10 முதல் 15 நிமிடம், அடுத்த வாரம் அரைமணி என்று ஏற்றுங்கள். ஊதி முடித்ததும் துண்டுதுண்டாகக் கழற்றி, பருத்தித் துணியால் உள்துளையைத் துடையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி விடியலில் குளிர்ந்த குழலில் சூடான மூச்சை விடக் கூடாது. உள்ளே விரிந்து வெளியே விரியாமல் மரம் கீறும். கக்கத்தில் ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு ஊதுங்கள். பூட்டிய காரில், பஸ்ஸின் எஞ்சின் மேல், ஏசி காற்றுக்கு நேராக வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெய்க்குப் பாதாம் எண்ணெய் மெல்லிதாக, புதிதில் வாரம் ஒருமுறை, பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தேங்காய் எண்ணெய் ஓசூர்க் குளிரில் உறைந்து துளைக்குள் படியும், வேண்டாம். கோடையில் சுருதி ஏறினால் பயப்படாமல் ஸ்லைடை ஒன்றிரண்டு மி.மீ. வெளியே இழுங்கள்.

அலங்காரத்தில் கர்நாடகப் பழக்கம் குறுக்கே வரும். நாம் விரலை உருட்டி, பாதித் துளையில் வழுக்கிக் கமகம் கொடுப்போம். ஐரிஷ் விரல் பெரும்பாலும் வழுக்காது, தொட்டுவிட்டு ஓடிவிடும். மேல் விரலைக் கணநேரம் தூக்குவது கட், கீழ் விரலால் துளையைத் தட்டுவது டாப். ஜி சுரத்தில் நீண்ட ரோல் போட வேண்டுமானால்: ஜி பிடித்து, இடது கை நடுவிரலால் கட், மறுபடி ஜி, வலது ஆட்காட்டிவிரலால் டாப், மறுபடி ஜி. ஜிக் என்ற நடன மெட்டில் மூன்று சிறு எண்ணிக்கைக்குள் (ஒரு திஸ்ரம்) இது முழுவதும் முடிய வேண்டும். கட்டும் டாப்பும் தனிச் சுரமாகக் காதில் விழுந்தால் விரல் மெதுவாக இருக்கிறது. நாக்கால் சுரம் வெட்டும் வேலையை மிகக் குறைவாகவே வையுங்கள்.

தாளத்தில் ஜிக் திஸ்ர நடை, ரீல் சதுஸ்ர நடை. 9/8 ஸ்லிப் ஜிக்கைச் சங்கீர்ணம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், அது மூன்று திஸ்ரங்கள். பெரும்பாலான மெட்டு எட்டு பார் (தாள அளவு) கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, மொத்தம் 32 பார். சுருதிப்பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, ஸ–ப ஓடவிட்டு மெதுவாக வாசிப்பது சாதகத்துக்குப் போதுமானது. ஈ-யில் முடியும் மெட்டுக்குப் பெட்டியை மூன்று கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசிச் சிக்கல் மூச்சு. ரீலில் மூச்சு விட இடமே எழுதியிருக்காது. பகுதி முடிவுக்குக் காத்திருந்தால் அடுத்த பகுதியின் தலையை வெட்டுவீர்கள். நீண்ட சுரத்தின் வாலையோ, இரண்டு முறை வரும் சுரத்தில் இரண்டாவதையோ விட்டுவிட்டு அங்கே மூச்சு எடுங்கள். பலமான அடியில் விழும் சுரத்தை மட்டும் விடாதீர்கள். மூச்சு தீர்வதற்கு முன்பே எடுங்கள். முதல் முறை விட்ட சுரத்தை இரண்டாவது முறை வாசித்து வேறொன்றை விட்டால், இரண்டு முறையும் சேர்ந்து கேட்பவருக்கு மெட்டு முழுதாகக் கிடைத்துவிடும்.