ஐயா கேட்டார், நான் சொன்னேன்

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ல சார்." ஐயாவோட பையன் என்கிட்ட கேட்டது இவ்வளவுதான். கோபமா கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். டிரீட்மெண்ட் பேப்பர் வாங்க வந்தவர், கையெழுத்து எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது தணிஞ்ச குரல்ல கேட்டுட்டுப் போயிட்டார்.

விஷயம் ஹெப்பாரின். நான் வேலை பாக்கறது டயாலிசிஸ் யூனிட்ல, கிட்னி போனவங்க ரத்தத்தை மெஷின்ல விட்டு சுத்தம் பண்ற இடம். ரத்தம் வெளிய டியூப்ல ஓடி வரும்போது உறையாம இருக்க அத கொடுப்போம். மார்க்கெட்ல வர்ற ஹெப்பாரின் பெரும்பாலும் பன்னிக்குடல்ல இருந்து எடுக்கிறது. இத நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல, யாரும் கேக்கறதும் இல்ல. ஐயா கேட்டார்.

ஐயா யாருன்னு எங்க பக்கத்துல தெரியாதவங்க கிடையாது. வெள்ளை வேட்டி, தலைய மூடி வெள்ளைத் துணி, அரசாங்க ஆஸ்பத்திரி வாசல்ல விடியக்காலையில கஞ்சி. மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் நிறுத்தினதில்ல, அரிசி வீடு வீடா கேட்டு வாங்குவார், யார் என்ன சாதின்னு பந்தியில கேட்டா அவருக்கு வர்ற கோபம் வேற எதுக்கும் வராது. சின்னப் பையனா இருக்கும்போது வடலூர் தருமச்சாலையில சாப்பிட்டுட்டுத்தான் ஸ்கூலுக்கே போவாராம். 1867ல வள்ளலார் ஏத்தி வச்ச அந்த அடுப்பு இன்னைக்கும் அணையல, அதுல வெந்த சோறு என் உடம்புல ஓடுது, அதைத்தான் திருப்பிக் கொடுக்கறேன்னு சொல்வார். தைப்பூசத்துக்கு ஏழு திரையும் விலகி ஜோதி தெரியுற நேரத்துல ஊரே அங்க முட்டி மோதும், ஐயா வாளியோட பந்தியில நிப்பார். எங்க யூனிட்ல தரை துடைக்கிற அக்காவை அம்மான்னு கூப்பிடுவார், அவர் பேரன் வயசு இருக்கற என்னை ஐயான்னு கூப்பிடுவார்.

அன்னைக்கு ஊசி ரெண்டும் போட்டு லைன் கனெக்ட் பண்ண ரெடியா இருந்தேன், சிரிஞ்சைப் பாத்துட்டு, "இது எதுல இருந்து செய்யறாங்க ஐயா, உயிர்சம்பந்தமா ஏதாவது இருக்கா"ன்னு கேட்டார். தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேளுங்கன்னு தள்ளி விட்டிருக்கலாம், எங்க வேலையில அது வழக்கம்தான். ஆனா அவர் கண்ணைப் பாத்துட்டு எனக்கு வாய் வரல. வாழ்நாள் பூரா புலால் வேண்டாம், கொலை வேண்டாம்னு ஊருக்குச் சொன்ன மனுஷன், அவர் ரத்தத்துல என்ன கலக்குதுன்னு தெரிஞ்சுக்க அவருக்கு இல்லாத உரிமையா. சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தெரியாம போனது போகட்டும், இனி வேண்டாம்"னார்.

நான் விடல. பன்னிய இந்த மருந்துக்காக வெட்டறதில்ல ஐயா, கறிக்கு வெட்டறாங்க, மிஞ்சுற குடல்ல இருந்துதான் எடுக்கறாங்கன்னு சொன்னேன். அதுக்கு அவர், "கறி வாங்கறவங்களும் அதத்தான ஐயா சொல்வாங்க, நான் வாங்கலைன்னாலும் வெட்டத்தான் போறாங்கன்னு." எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

ஒண்ணு சொல்லணும், அவர் பிடிவாதக்காரர் இல்ல. வள்ளலாரோட சன்மார்க்க வழியில நடக்கறவங்களுக்கு காலையில கரிசலாங்கண்ணிக் கீரை ரொம்ப முக்கியம், அவரே சொன்ன மூலிகை. கிட்னி போனவங்களுக்குக் கீரையில இருக்கற பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும் ஐயான்னு நான்தான் சொன்னேன், மறுநாள்ல இருந்து விட்டுட்டார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதான் எனக்குப் புரியாம இருந்துச்சு, வள்ளலார் சொன்னதையே உடம்புக்காக விட்டவர் இத ஏன் ஏத்துக்கலன்னு. இப்ப யோசிச்சா, அது அவர் வயித்தோட முடிஞ்ச விஷயம், இதுல இன்னொரு உயிர் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்னு தோணுது.

டாக்டர் நல்லவர், திட்டல. செயற்கையா செய்யற மாற்று மருந்து இருக்கு, ஆனா ஒண்ணு கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், அவருக்கு அந்த கிட்னிதான் இல்ல, இன்னொண்ணு விலை கட்டாது. ஹெப்பாரின் இல்லாமலே ஓட்டலாம்னு முடிவாச்சு. அப்படின்னா நாலு மணி நேரமும் சும்மா உக்கார முடியாது, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருக்கா சலைன் விட்டு ஃப்ளஷ் பண்ணணும், அந்தத் தண்ணியையும் கணக்குல சேத்து வெளிய எடுக்கணும், ரத்தத்தை வடிகட்டுற டயலைசர் உறைஞ்சு கருக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். பண்ணினேன், அவருக்குப் பண்றது எனக்குக் கஷ்டமா தெரியல. ஆனாலும் சில தடவை உறைஞ்சிடுச்சு. ரத்தம் ஓடுற டியூபும் டயலைசரும் அடைச்சா உள்ள இருக்கற ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அப்படியே போகும். ஏற்கெனவே ரத்தம் குறைஞ்ச உடம்பு.

கொஞ்ச மாசத்துல வீட்டுலயே தூக்கத்துல போயிட்டார். ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னார், அந்த வயசுக்கும் சுகருக்கும் எப்ப வேணா வந்திருக்கலாம், ஹெப்பாரினுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதன்னார். நம்பறேன். ராத்திரியில நம்ப முடியல.

எரிக்கல, சன்மார்க்க முறைப்படி அடக்கம்தான் பண்ணாங்க. கஞ்சி வாங்கிக் குடிச்சவங்க எத்தனை பேர் வந்தாங்கன்னு பாத்தேன், பையன் கேட்ட கேள்வியோட கனம் அங்கதான் தெரியுது. இவர் இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா அத்தனை வயிறு நிறைஞ்சிருக்கும். உடம்பைக் காப்பாத்திக்கணும்னுதான வள்ளலாரும் சொன்னார், மரணமிலாப் பெருவாழ்வு பத்திப் பேசினவர் அவர். ஐயாவோட உடம்பும் ஒரு ஜீவன் குடியிருந்த இடம்தான, அதுக்குக் காருண்யம் கிடையாதா? இப்படி நினைக்கும்போது நான் வாயை மூடியிருந்தா நல்லதுன்னு தோணும். ஆனா அவர்கிட்ட ஒரு பொய்யை வச்சு அவரைக் காப்பாத்தியிருந்தா, அது ஐயாவைக் காப்பாத்தினதாகுமா இல்ல வேற யாரையோவா? பையனுக்கு அப்பா வேணும், அவர் கேட்டது நியாயம். என்கிட்ட கேட்டது அப்பா இல்ல, ஐயா.

இப்ப செவ்வாய், வெள்ளி ஷிஃப்ட்ல ஒரு பாய் வர்றார், அஞ்சு வேளை தொழுகை தவறாதவர், மெஷின்ல இருக்கும்போதும் படுத்தபடியே தொழுவார். உயிர் போற நெருக்கடியில இந்த மாதிரி மருந்து ஆகும்னு அவங்க மார்க்கத்துல அறிஞர்கள் சொல்றாங்கன்னு படிச்சிருக்கேன், அதனால அவருக்கு இது பிரச்சனையாவே இல்லாம போகலாம். ஆனா அவர் கேக்கல. கேக்காதவர்கிட்ட நானா போய்ச் சொல்லணுமா, இல்ல கேட்டவருக்கு மட்டும் சொன்னாப் போதுமான்னு எனக்கு இன்னும் பிடிபடல. நாங்க கையெழுத்து வாங்கற ஃபாரத்துல ஒரு வரி சேத்துட்டா என்னன்னு இந்த வாரம் டாக்டர்கிட்ட கேக்கப் போறேன்.