ஐந்தாம் கியூ தேர்வு

மதுரை கே.கே. நகரில் நாங்கள் அய்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக்கலையைப் பயிலும் மாடிக் கூடத்தில், முதல் மூன்று மாதங்கள் பெரும்பாலும் விழக் கற்பதிலேயே கழிந்தன. உக்கெமி எனப்படும் அம்முறையில், தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருண்டு எழ வேண்டும். தலை தரையில் படவே கூடாது. இதைப் பொறுமையாகக் கற்காமல் எறியும் நுட்பங்களுக்குத் தாவுவது இருவருக்குமே ஆபத்து என்று உறுதியாக நம்புகிறேன்.

மொரிஹெய் உவேஷிபா (1883–1969) உருவாக்கிய இக்கலையின் பெரும்பாலான பள்ளிகளில் போட்டிகள் கிடையாது. தரத்தேர்வில் தாக்குபவரும் உடன் பயில்பவரே. கியூ எனப்படும் தொடக்கநிலைத் தரங்களின் எண்கள் இறங்கிக்கொண்டே வந்து, முதல் கியூவுக்குப் பிறகே கருப்புப் பட்டைத் தரமான முதல் டான் வருகிறது.

சென்ற ஞாயிறு நடந்த தேர்வில், ஷிஹோநாகே என்னும் எறியும் நுட்பத்தைச் செய்கையில் தோழியின் மணிக்கட்டை என் நெற்றிக்கு முன்னே உயர்த்தித் திரும்புவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் இழுத்துவிட்டேன். ஆசிரியர் நிறுத்தி, "கையை விடுங்கள், காலைத் திருப்புங்கள்" என்றார். சிறுவயதில் தாத்தாவிடம் சிலம்பம் பழகியபோது கம்போடு சேர்ந்து உடலும் திரும்பியது நினைவுக்கு வந்தது. இரண்டாம் முறை கால் முந்தியது. தோழி வலியின்றி விழுந்து, உருண்டு எழுந்து, வணங்கினாள்.