தவறான ஜானோடு எட்டு மாதம்

எட்டு மாதம் வேறு ஒருவருடைய மூதாதையரைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் பெயரும் ஜான், எங்கள் ஆள் பெயரும் ஜான். இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர், ஒரே ஆற்றங்கரை. வட கரோலினாவில் ஸ்காட்லாந்து வேர்களைத் தேட இறங்குபவர்கள் என்னைப் போல அலையக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் வீட்டாருக்கு ஃபயட்வில் பக்கம். மெக் என்று தொடங்கும் குடும்பப்பெயர், முழுப்பெயர் இங்கே வேண்டாம். மாமியாருக்கு 81 வயது. "ஃப்ளோரா மெக்டொனால்டு வந்த கப்பலில்தான் நம் ஆட்களும் வந்தார்கள், அண்ணன் தம்பி மூன்று பேர்" என்பது அவர் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. ஃப்ளோரா, தப்பியோடிய இளவரசர் ஒருவரைக் காப்பாற்றியதற்காக ஸ்காட்லாந்தில் புகழ்பெற்ற பெண். இதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது ஒரு நாள், "அங்கே எந்த ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்றார். நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

1850 வரை பின்னால் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் சுவர். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். 1790ல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து எண்கள், அவ்வளவுதான்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழே உள்ளவர்கள், வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திரமானவர்கள், அடிமைகள். மனைவி பெயர் கிடையாது, பிள்ளைகள் பெயர் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவை மாநிலம் தொடங்கியதே 1913ல். கப்பல் பயணிகள் பட்டியல் தரவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1820ல். எல்லிஸ் தீவில் தேடிப் பார்த்தீர்களா என்று குறைந்தது ஐந்து பேர் என்னிடம் கேட்டார்கள். குடியேறிகளைப் பதிவு செய்த அந்த நியூயார்க் துறைமுக நிலையம் திறந்ததே 1892ல். நாங்கள் தேடுவது அதற்கு நூறு வருடத்துக்கும் முந்தைய ஆட்களை.

இந்தச் சுவர் முன்னால் நிற்கும்போதுதான் இணையத்தில் கிடைக்கும் வம்ச மரங்கள் கை நீட்டிக் கூப்பிடும். எங்கள் குடும்பப்பெயருக்கு அப்படி முப்பது நாற்பது மரங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஜான்: 1739ல் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியிலிருந்து ஏறக்குறைய 350 பேராகக் கேப் ஃபியர் ஆற்றங்கரைக்கு வந்து குடியேறிய முதல் பெரிய கூட்டத்தில் ஒருவர். இத்தனை பேர் சொல்கிறார்களே என்று நம்பிவிட்டேன். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகல் எடுத்திருக்கிறார்கள் என்பதும், ஒன்றில்கூட ஒரு ஆவணம் இணைக்கப்படவில்லை என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை.

அதோடு நிற்காமல் கடல் தாண்டினேன். ஸ்காட்லாந்து அரசின் பதிவேடுகள் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் இருக்கின்றன. தேடுவது இலவசம், பழைய தேவாலயப் பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஒவ்வொரு தடவையும் காசு. நான் கிட்டத்தட்ட அறுபது பக்கம் திறந்திருப்பேன். ஆர்கைலில் அந்தப் பெயரில் எத்தனை ஜான் என்கிறீர்கள்! அரசுப் பதிவு அங்கே தொடங்கியது 1855ல்தான். அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுதான் கதி. மேட்டுநிலப் பகுதியிலும் தீவுகளிலும் பல ஊர்ப் பதிவேடுகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்புறம்தான் தொடங்குகின்றன. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் பலர் பதியாமலே விட்டுவிட்டார்கள். ஆகவே, உங்கள் ஆள் பதிவேட்டிலேயே இல்லாமல் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதே பெயரில் ஒருவர் அகப்பட்டால் அவர்தான் இவர் என்று மனசு சொல்லும். அதைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். பொருத்தமான வயதில் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் மாமியாருக்குப் படம் அனுப்பிவிட்டேன். அவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

மாட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் எங்கள் வரிசையில் ஜானின் மகனாக வரும் டங்கனின் கல்லறைக் கல்லை நேரில் பார்த்தேன். பாசியைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்தபோது பிறந்த வருடம் தெளிந்தது: 1770. அவர் பிறந்த இடம் ஸ்காட்லாந்து என்றும் கல்லிலேயே வெட்டியிருந்தார்கள். 1739லேயே வந்துவிட்ட ஒருவருடைய மகன் 1770ல் ஸ்காட்லாந்தில் எப்படிப் பிறப்பான்? அந்தக் கல்லின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாத வேலையும் போனது. அதைவிட, மாமியாரிடம் அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்ததுதான் பெரிய வேதனை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை நிலப் பத்திரம். குடும்ப நிலம் இன்று இருக்கும் கவுண்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போல) பதிவகத்துக்கு அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இண்டெக்ஸில் இல்லையென்றால் இல்லை. வம்ச ஆராய்ச்சி எல்லாம் நாங்கள் செய்வதில்லை" என்றார். மெக் பெயர்கள் தனித் தொகுதியில் இருக்குமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். மதியம் வரை புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

தனித் தொகுதி இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நிலம் நகராது, ஆனால் கவுண்ட்டி எல்லை நகரும். இதை எந்த ஊழியரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு பழைய எல்லை வரைபடத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். கம்பர்லண்ட் 1754ல் பிளேடனிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து 1784ல் மூர், 1855ல் ஹார்னெட். ஹோக் கவுண்ட்டி வந்ததே 1911ல். ஒரே வீட்டில் பிறந்து அதே வீட்டில் செத்தவருக்குக்கூட இரண்டு மூன்று கவுண்ட்டிகளில் பத்திரம் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால், நீங்கள் தேடும் வருடத்தில் அந்த இடம் எந்தக் கவுண்ட்டியில் இருந்தது என்று பாருங்கள். பத்திரங்களை வைத்திருந்த அந்தக் கவுண்ட்டி நீதிமன்றம் எப்போதாவது எரிந்ததா என்றும் பாருங்கள். மூர் கவுண்ட்டி நீதிமன்றம் 1889ல் எரிந்தது.

நல்ல வேளை, நில மானியத் தாள்களின் ஒரு பிரதி மாநிலத் தலைநகருக்குப் போய்விடும். ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. பென்சில் மட்டும்தான் உள்ளே கொண்டுபோகலாம், பை வெளியே. அங்கே ஒரு ஆவணக் காப்பாளர், நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள்" என்றார். எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வரிதான்.

மானியம் வாங்க அன்று நான்கு படி: விண்ணப்பம், உத்தரவு, சர்வே, பட்டா. பலரும் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சர்வே தாளைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது உள்ளங்கை அகலக் காகிதம், மூன்றாக மடித்து மடித்து மடிப்புகள் பழுப்பேறியிருந்தன. ஒரு ஓடை வளைந்து போகிறது, அதன் கரையில் கோணல் மாணலாக ஒரு நாற்கரம். நம்மூர்ப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போலவே இதிலும் எல்லை எழுதியிருக்கிறார்கள்: ஒரு பைன் மரத்தில் தொடங்கி, இன்னாருடைய எல்லையை ஒட்டி, இத்தனை சங்கிலி தூரம். ஒரு சங்கிலி 66 அடி. தாளின் அடியில் இரண்டு பெயர்கள், பக்கத்தில் எஸ்.சி.சி. என்று மூன்று எழுத்து. அளக்கும்போது சங்கிலியைப் பிடித்தவர்கள், சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கள் என்று அர்த்தமாம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் சொந்தக்காரர்களையோ பக்கத்து நிலத்துக்காரர்களையோதான் கூப்பிடுவார்கள் என்றார் காப்பாளர்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. எங்கள் ஜானின் பெயருக்குப் பின்னால் "பான்" என்று ஒரு சொல். முன்பு ஒரு வரிப் பட்டியலில் இதையே பார்த்து, வேறு குடும்பப்பெயர் என்று ஒதுக்கியிருந்தேன். அது ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் கேலிக் மொழி. பான் என்றால் வெளுப்பு, வெளிர் நிறத் தலைமுடிக்காரர். கறுப்பு என்றால் தூ, சிவப்பு என்றால் ரூவா. ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் ஊரில் நம் ஆட்கள் கருத்தக்கண்ணு, செவத்தையா என்று கூப்பிடுவார்களே, அதேதான். நான் அதை அடையாளப் பெயர் என்று உடனே பிடித்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை வைத்து ஜான்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். மூன்று பேர் தேறினார்கள்.

பிரித்ததை உறுதி செய்ய உதவியது பெயர் வைக்கும் வழக்கம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரையும், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயரையும் வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று படித்து வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஜானின் மூத்த மகன் டங்கன். ஆக, ஜானின் அப்பாவும் டங்கனாக இருக்கலாம். 1739 ஜானின் மூத்த மகன் வேறு பெயர்க்காரர்.

அதன் பிறகுதான் மறுபடி கடல் தாண்டினேன். கல்லறைக் கல்லின்படி டங்கன் 1770ல் அங்கே பிறந்தவர். அமெரிக்கப் புரட்சிப் போர் வலுத்த பிறகு வந்திருக்க முடியாது. எனவே 1770க்கும் 1775க்கும் நடுவில். இங்கே ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக் கவலைப்பட்ட பிரிட்டிஷ் கருவூலம், 1773 டிசம்பரில் துறைமுகச் சுங்க அதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது: கப்பல் ஏறுபவர் பெயர், வயது, தொழில், ஊர், ஏன் போகிறார் என்ற காரணம், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. போர் வலுத்ததும் அது நின்றுபோனது. அந்தக் கொஞ்ச காலத்துக்குள் வந்தவராக உங்கள் ஆள் இருந்தால், வேறு யாருக்கும் கிடைக்காத தகவல் உங்களுக்குக் கிடைக்கும். மூலத் தாள்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சில் வந்த படியை இங்கேயே நூலகங்களில் பார்க்கலாம்.

1775 செப்டம்பர் 4, டன்ஸ்டாஃப்னேஜ் விரிகுடா, ஜூபிடர் என்ற கப்பல், போகும் இடம் வட கரோலினாவின் வில்மிங்டன். ஜான், மனைவி, ஐந்து வயதில் டங்கன். ஊர் க்ளெனார்க்கி. அதே பட்டியலில், சர்வே தாளின் அடியில் சங்கிலி பிடித்த இரண்டு பேரின் குடும்பப்பெயர்களும், அதே ஊரிலிருந்து. நூலகத்தில் இருக்கிறேன் என்பதை மறந்து மேசையைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பட்டியலின் முடிவில் அதிகாரி எழுதி வைத்திருக்கும் காரணத்தை நான்கைந்து தடவை படித்தேன். குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்திருந்தால் சொந்த நாட்டை விட்டுப் போக நினைத்திருக்கவே மாட்டோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம். குத்தகையை ஏற்றியதாலும், செம்மறி மேய்ப்பவர்களுக்கு இடம் விடவும் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்களாம்.

அன்று மாலையே ஃபயட்வில் போனேன். ஃப்ளோரா மெக்டொனால்டு வந்தது 1774ல், இவர்கள் வந்தது அடுத்த வருடம், கப்பல் வேறு என்று முதலில் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு முகம் வாடியது. அப்புறம் அந்தக் காரணத்தை வாசித்துக் காட்டினேன். "ஆடு மேய்க்கவா விரட்டினார்கள்?" என்று கேட்டார். பிறகு நிறைய நேரம் பேசவில்லை. காகிதத்தில் க்ளெனார்க்கி என்று பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். அந்த ஐந்து வயது டங்கன் வளர்ந்து எழுதிய உயிலும் ராலேயில் இருந்தது. மூத்த மகனுக்கு ஓடைக்குக் கிழக்கே உள்ள நிலம், மனைவிக்குப் படுக்கையும் நூற்பு ராட்டினமும் ஒரு பசுவும். அதற்கு அடுத்த வரியில், பசுவை எழுதிய அதே எழுத்தில், ஒரு பெண்ணும் அவள் இரண்டு பிள்ளைகளும். முதற்பெயர் மட்டும். பெண் ஒரு மகளுக்கு, பிள்ளைகள் வேறு இரண்டு பேருக்கு. நிலத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவரின் மகன், ஒரு தாயையும் பிள்ளைகளையும் மூன்று வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இந்தப் பக்கத்தைப் படம் எடுக்காமல் கடந்துபோகும் வம்ச ஆராய்ச்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடிமைகளாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலாக வந்தது 1870ல். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான் இருக்கும். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் தேடும் பெயர் உங்கள் வீட்டு உயிலில் மட்டுமே இருக்கலாம்.

மாமியாரிடம் மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்கவில்லை. மூன்று பெயர்களையும் உரக்க வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவர்களையும் தேடு" என்றார்.

மகள் வீட்டுக்குப் போன அந்தப் பெண்ணின் பெயர் டங்கனுடைய மருமகனின் சொத்துப் பிரிவினைக் கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு ராலேயில் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன்.