பாய்னு தேடுனா பாயும் வரல, பாயும் வரல

போன ஐப்பசில ஒரு நாள் ராத்திரி, மழ ஊத்திட்டு இருக்கு, கரண்ட் வேற இல்ல, பத்தமடைல இருந்து பாய் போன் போட்டாரு. பாய் விக்கிற பாய். அதனால எங்க வீட்டுல அவருக்கு பேரே பாய்பாய் தான், அவருக்கும் தெரியும், சிரிச்சுக்கிடுவாரு. எங்கக்கா கல்யாணத்துக்கு சீர் பாய் நெய்ஞ்சு குடுத்தது அவங்க வீட்டுல தான், அந்தப் பழக்கம்.

"தம்பி, நம்ம கட கூகுள்ல வரவே மாட்டேங்கு. பதினோரு மாசமா ஒரு கம்பெனிக்கு பணம் கட்டுதேன். மூணு மாசத்துல மொத பேஜுல கொண்டாந்துருவோம்னு சொன்னாவ. இப்ப கேட்டா அல்காரிதம் மாறிட்டுங்காவ. அல்காரிதம்னா யாரு தம்பி?"

நான் பாளையங்கோட்டைல வீட்டுல இருந்துக்கிட்டே வெப்சைட் வேல பாக்கறவன். எஸ்இஓ, அதாவது தேடுனா சைட்ட மேல வர வைக்கிற வேல, என் தொழில் கெடையாது, ஆனா சைட் கட்டிக்குடுத்தா அடுத்த கேள்வி "எப்ப மேல வரும்"ங்கறது தான், அதனால பத்து வருசத்துல கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. மறுநாளே ஜங்ஷன்ல பாவநாசம் பஸ் ஏறிட்டேன். முன்னீர்பள்ளம் தாண்டுறதுக்குள்ள போன்ல அவரு சைட்ட திறந்து பாப்போம்னா ஹோம் பேஜ் போட்டோவே வந்து முடியல. மேல இருந்து வரிவரியா எறங்குது, பழைய டயல்அப் காலம் மாதிரி. பத்தமடைல எறங்கும்போது தான் பாயோட ஓரம் தெரிஞ்சுது. பெறவு பாத்தா அந்த ஒரு படம் மட்டும் 7 எம்பி. கல்யாண போட்டோகிராபர் குடுத்தத அப்படியே தூக்கி ஏத்திருக்காங்க, பேரு கூட மாத்தல, ஐஎம்ஜி அப்புறம் நாலு நம்பர். அந்த ஃபைல் பேரப் பாத்து இது பாயா பரோட்டாவான்னு கூகுளுக்கு என்ன தெரியும்.

கடைல உக்காந்து நான் மொதல்ல செஞ்சது ஒரே ஒரு வேல. கூகுள்ல 'சைட்'னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு கோலன் வச்சு, எடம் விடாம அவரு சைட் அட்ரஸ் போட்டுத் தேடுனேன். இப்படித் தேடுனா அந்த சைட்ல கூகுள் கைல இருக்குற பக்கங்கள் தான் வரும், எண்ணிக்க துல்லியமா இருக்காது, ஆனா இருக்கா இல்லையான்னு ஒரு அந்தாசா தெரிஞ்சுரும். வந்தது சைபர். ஒண்ணு கூட இல்ல. பத்தாவது பக்கத்துல கெடந்தா அது வேற வியாதி, இது ரேஷன் கார்டுலயே பேரு இல்லாத கேஸ்.

காரணம் என்னன்னு பாத்தா, அந்த சைட்ட கட்டுன சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸ், அதுல செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்குல்லா, அதுல தேடுபொறிகள் இந்த சைட்ட எடுத்துக்க வேண்டாம்னு ஒரு டிக். சைட் கட்டி முடியற வரைக்கும் அத போட்டு வைக்கறது வழக்கம் தான், நானும் போடுவேன். தெறப்பு விழா அன்னைக்கு எடுக்கணும். எடுக்கல. பதினோரு மாசமா அந்த டிக் ஒவ்வொரு பக்கத்துலயும் 'நோஇண்டெக்ஸ்'னு போர்டு மாட்டிக்கிட்டு நிக்குது, கூகுள் வரும், போர்டப் படிக்கும், திரும்பிப் போயிரும். மாசாமாசம் அந்த கம்பெனிக்காரங்க அனுப்புன ரிப்போர்ட்ட பாய் ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருந்தாரு, கலர் கலரா, இந்த மாசம் முன்னூறு பேக்லிங்க் (மத்த சைட்டுல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்), போன மாசம் எரநூத்தம்பதுன்னு. கதவ உள்ள பூட்டிட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்ட்ட கத. கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க, அதுல வேல பாத்த பையனுக்கும் எத்தன சைட்ட தலைல கட்டிருந்தாங்களோ.

கோவம் வந்தது டிக்குக்கு இல்ல, மறதி யாருக்கும் வரும். மத்ததுக்கு தான். மெட்டா கீவேர்ட்ஸ்னு, பக்கத்தோட கோடுக்குள்ள மறைஞ்சிருக்குற ஒரு எடத்துல எம்பது வார்த்த தெணிச்சு வச்சிருக்காங்க. வெப் ரேங்கிங்குக்கு அந்த டேக நாங்க பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிட்டான். அதுக்குக் கீழ வெள்ள பின்னணில வெள்ள எழுத்துல 'பெஸ்ட் மேட்' 'சீப் மேட்'னு அம்பது தடவ. மனுசனுக்குத் தெரியாம கூகுளுக்கு மட்டும் காட்டுற எழுத்து, இது அவன் ஸ்பேம் பாலிசில நேராவே தப்புன்னு இருக்கு. அந்த முன்னூறு பேக்லிங்க் எங்க இருந்துன்னு பாத்தா எவனும் போகாத டைரக்டரி சைட்டுங்க. 2012ல பென்குயின்னு ஒரு அப்டேட் வந்து இந்த மாதிரி லிங்க் யாவாரத்த தான் அடிச்சான், இன்னும் அத விக்கிறாங்க, வாங்கவும் ஆள் இருக்கு. போலி ரிவ்யூ வேற வாங்கிப் போட்ருக்காங்க, அதுல ஒருத்தர் 'சாப்பாடு சூப்பர், சர்வீஸ் நல்லாருக்கு'ன்னு அஞ்சு ஸ்டார். பாய் அதப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "கோரைய தின்னுருப்பானோ"ன்னாரு.

மொத எடம் கேரண்டின்னு யாராவது சொன்னா, கூகுள் தன்னோட வழிகாட்டிலயே எழுதி வச்சிருக்கான், யாராலயும் அப்படி கேரண்டி தர முடியாதுன்னு. மாத்தங்கள் செஞ்ச பெறகு பலன் தெரியறதுக்கு பொதுவா நாலு மாசத்துல இருந்து ஒரு வருசம் ஆகும்னும் அதுலயே இருக்கு. இத பாய்ட்ட சொன்னேன். "அப்ப நீங்களும் கேரண்டி தர மாட்டிய"ன்னாரு. மாட்டேன்னுட்டேன்.

லிங்க்னா என்னன்னு அவருக்கு சொன்ன விதத்த இங்கயும் சொல்லிருதேன். 1998ல கூகுள் ஆரம்பிக்கும்போது அவங்க கைல இருந்த பெரிய சரக்கு பேஜ்ரேங்க் (பேஜ்னா பக்கம் இல்ல, லேரி பேஜோட பேரு அது, ரெண்டுக்கும் பொருந்திக்கிச்சு). ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் குடுத்தா அது ஒரு சிபாரிசு, சிபாரிசு பண்றவன் எவ்ளோ மதிப்பான ஆளோ அந்த அளவுக்கு அதுக்கு வெயிட்டு. நெல்லையப்பர் கோயில் பக்கத்துல நிக்கிற வெளியூர்க்காரர் அல்வா எங்க வாங்கன்னு கேட்டா, பஸ் ஸ்டாண்டுல கமிஷனுக்கு நிக்கிற ஆளு சொல்றதும் ரதவீதிலயே அம்பது வருசமா குடியிருக்குற ஆச்சி சொல்றதும் ஒண்ணா? இருட்டுக்கடைக்கு எஸ்இஓ தேவப்படாது, சாயங்காலம் தான் தொறப்பாங்கன்னு தெரிஞ்சும் முன்னாலயே வந்து நிக்கிற கூட்டம் இருக்கு. நம்ம பாய்க்கு அப்படி இல்லியே, கோயம்புத்தூர்ல இருக்குற பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு பத்தமடைல இவரு இருக்காருன்னே தெரியாது.

டிக்க எடுத்தேன், சைட்மேப் (சைட்ல உள்ள பக்கங்களோட பட்டியல்) குடுத்தேன், சர்ச் கன்சோல்ல (நம்ம சைட் தேடல்ல எப்படி வருதுன்னு கூகுளே காட்டுற எடம்) பதிஞ்சேன், படங்கள எல்லாம் சுருக்குனேன், 7 எம்பி 140 கேபி ஆச்சு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பெரிய படம் வந்து நிக்க ரெண்டர செகண்டுக்குள்ள இருக்கணும்ங்கறது கூகுள் சொல்ற கணக்கு. இதெல்லாம் ஒரு மத்தியான வேல, பெரிசா எழுத ஒண்ணும் இல்ல.

ஒக்கார வச்சது வேற ஒண்ணு. 'எங்களைப் பற்றி' பக்கத்துல நாலு பாரா தமிழ் அழகா இருக்கு, தாமிரபரணி, கோர, பரம்பர எல்லாம் இருக்கு, கண்ணால பாத்தா ஒரு குத்தம் இல்ல. அதுல 'பாய்'ங்கற வார்த்தைய மட்டும் காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டுனேன். ஒட்டுனா வருது ஜி, எச், ஏ, பக்கத்துல ஒரு செமிகோலன். பாமினி ஃபாண்ட்! நோட்டீஸ் அடிச்ச பிரஸ்ல இருந்து வாங்குன மேட்டர அப்படியே ஒட்டி, ஃபாண்டையும் சேத்து ஏத்திருக்காங்க. நம்ம கண்ணுக்கு தமிழ், உள்ளுக்குள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்ப. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்குற யுனிகோட்ல தமிழுக்கு 1991லயே எடம் வந்தாச்சு, இன்னமும் பிரஸ்ல, டிடிபி சென்டர்ல பாமினில அடிச்சது அப்படியே சைட்டுக்கு வருது. நெல்லைல சின்னக் கட சைட்டுகள்ல இத நான் பாக்குறது இது நாலாவது தடவ. உங்க சைட்ல தமிழ் இருந்தா இப்பவே ஒரு வார்த்தைய காப்பி பண்ணி எங்கயாவது ஒட்டிப் பாருங்க, அஞ்சு செகண்ட் ஆகாது.

சரி, எப்படியும் புதுசா எழுதணும், என்ன எழுத? பாய்ட்ட கேட்டா "தரமான, பாரம்பரியமான"ன்னு ஆரம்பிக்காரு. அத யாரும் தேட மாட்டாங்க. உள்ள அவங்க ராத்தா கோர கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு அக்கா. ஒரு தண்ட எடுத்து கத்தியால ரெண்டாக்கி, நாலாக்கி, உள்ள இருக்குற வெள்ளச் சோத்த வழிச்சு எறிஞ்சிட்டு, மிச்சத்த கண்ணுக்கே தெரியாத நாரா எறக்குறாங்க, பேச்சு நிக்கல, கையும் நிக்கல. போன் எடுக்குறது அவங்க தானாம். அப்ப அவங்கட்ட கேட்டேன், அக்கா போன்ல வாரவங்க என்ன கேக்காங்கன்னு.

"என்ன கேப்பாவ. மாப்ள பேரு பொண்ணு பேரு போட எத்தன நாளைக்கு முன்ன சொல்லணும்பாவ. தமிழ்ல போடுவியளா இங்கிலீஷ்ல போடுவியளாம்பாவ. பட்டுப்பாய்னா பட்டுத்துணியாம்பாவ, அது கோர தான், பட்டு மாரி மடங்கும்னு சொல்லணும். தண்ணி பட்டா சாயம் போகுமாம்பாவ. ஒருத்தி கேக்கா, வேற ஊருக்கு அனுப்புனா மடிச்சு அனுப்புவியளா சுருட்டி அனுப்புவியளான்னு."

நோட்டு எடுத்து எழுதிக்கிட்டே இருந்தேன், பதினாறு கேள்வி தேறுச்சு. ஜனங்க என்ன வார்த்த போட்டுத் தேடுறாங்கன்னு காட்டுற கீவேர்ட் டூல்னு மாசம் சந்தா கட்டி பாக்குறோம், அதுல தமிழ்ல சின்ன ஊரு சரக்குக்கெல்லாம் பாதிக்கு மேல தகவலே வராது. இங்க அக்கா மடில அவ்வளவும் கெடக்கு. அந்தக் கேள்விகள தலைப்பா வச்சு, அக்கா சொன்ன பதில அக்கா சொன்ன மாதிரியே எழுதி, பேரு போட்ட கல்யாணப் பாய்க்கு தனிப் பக்கம், பட்டுப்பாய்க்கு தனிப் பக்கம், ஆத்துல ஊறப்போட்ட கோர, தறி, கத்தி எல்லாம் என் போன்லயே படம் எடுத்துப் போட்டேன். ஹோம் பேஜுக்கு தலைப்பு 'ஹோம்'னு இருந்துச்சு (சிரிக்காதிய, நெறய சைட்ல அப்படித்தான்), அத 'பத்தமடைப் பாய், பேர் போட்ட கல்யாணப் பாய்'னு மாத்துனேன்.

இதுல எங்கப்பாவோட ஒரு சண்ட. அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நான் 'பத்தமடை பாய்'னு ஒத்து இல்லாம அடிச்சிருந்தேன், ஏன்னா ஜனங்க அப்படித்தான் அடிக்காங்க. "வலி மிகும்லே, அது ஊர்ப்பேரு, ப் போடு"ன்னு ஒத்தக் கால்ல நிக்காரு. தலைப்புல ப் போட்டேன், உள்ள ஒரு கேள்வில இல்லாம விட்டேன், அப்பா இன்னும் அந்தக் கேள்விய பாக்கல. இங்கிலீஷ் எழுத்துல தேடுறவங்க கூத்து இன்னும் பெருசு, 'த்த'வுக்கு ஒருத்தர் ரெண்டு டி போடுதாரு, ஒருத்தர் டி எச் போடுதாரு, இன்னொருத்தர் ரெண்டையும் சேத்து. பாய்ங்கறத பி ஏ ஐன்னு அடிச்சா கொங்கணிக்காரங்க குடும்பப் பேரு வருது. தமிழ்லயே 'பாய்'னு மட்டும் தேடுனா பிரியாணிக்கட பாய் வரைக்கும் வாராங்க. அதனால அந்த ஒத்த வார்த்தைக்கு நான் மெனக்கெடவே இல்ல. பாய்க்கு தான் அதுல ஆச, வெறும் பாய்னு அடிச்சா நான் வரணும்ங்காரு.

மேப்ல அவரு கட புள்ளி ரோட்ட விட்டு தள்ளி வயக்காட்டுக்குள்ள நின்னுச்சு. அத இழுத்து கட வாசல்ல வச்சோம், வெள்ளிக்கெழம ஜும்மா நேரத்துல மூடியிருக்கும்னு நேரத்த சரியாப் போட்டோம், வகைய 'ஃபர்னிச்சர் கடை'ல இருந்து மாத்துனோம். பாவநாசம், குத்தாலம் போற காருங்க அந்த ரோட்டுல எத்தன போகுது, அதுல நாலு காரு நின்னா போதும்ல, உண்மையச் சொன்னா மொதல்ல பலன் தெரிஞ்சதே இதுல தான். பழைய 'சாப்பாடு சூப்பர்' ரிவ்யூவ ரிப்போர்ட் அடிச்சேன், இன்னும் போகல, கெடக்கு.

மார்கழி வரைக்கும் சர்ச் கன்சோல் கோடு தர டிக்கெட் மாதிரி தரைலயே கெடந்துச்சு. தை பொறக்கவும் முகூர்த்த சீசன், மெதுவா எந்திரிச்சுது. பெரிய நம்பர் ஒண்ணும் இல்ல, ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு கிளிக். ஆனா வாரவங்க 'கல்யாண பாய் பேர் எழுதுவது', 'சீர் பாய் எங்கே வாங்கலாம்'னு தேடி வாராங்க, வேடிக்க பாக்க வரல. இப்ப மேல ஏஐ பதில் வேற வந்து உக்காந்துக்கிடுது, சில கேள்விக்கு அதப் படிச்சிட்டு அப்படியே போயிருவாங்க, போகட்டும், பேரு நெய்யறது பாய் வீட்டுல தானே.

பாய் இன்னமும் காலைல கட தொறந்ததும் அவரு போன்லயே அவரு கட பேரத் தேடிப் பாக்காரு. உங்க போன்ல, கடைக்குள்ள உக்காந்து, உங்க கடையவே தேடுனா அது மேல தான் காட்டும், மத்தவன் போன்ல வேற மாதிரி வரும்னு நாலு தடவ சொல்லியாச்சு. நேத்து போன். "தம்பி, இன்னைக்கு ரெண்டாவதா நிக்கேன், நேத்து மொதல்ல நின்னேன், அந்த டிக்க எவனும் திரும்பப் போட்டுட்டானா?"

போடல. ஆனா பாக்கப் போன எடத்துல கன்சோல்ல புதுசா ஒரு தேடல், 'பாயில் பூஞ்சை வந்தால் என்ன செய்வது'. பதினேழாவது கேள்வி, நம்ம பக்கத்துல பதில் இல்ல. அக்காட்ட போன குடுக்கச் சொன்னேன். "மழைல சுருட்டி வச்சிருப்பா, சுருட்டாம காத்தாட நெழல்ல விரிக்கச் சொல்லு, தண்ணி ஊத்திக் கழுவிரப் போறா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க, கைல கத்தி இருந்திருக்கும்.