ஃப்ரீ கரண்ட்டுக்காரர்கிட்ட பவர் சேவிங் பேசலாமுங்களா

பம்புசெட் விளம்பரம்னாலே நம்ம கோயமுத்தூர் பக்கம் "மின்சாரம் மிச்சம்"னு ஒரு வரி எப்படியும் வந்துருதுங்க. ஆனா 1990ல இருந்து தமிழ்நாட்டுல வெவசாயத்துக்கு கரண்ட் இலவசம், பில்லே வராத மனுசன்கிட்ட போயி பில்லு கொறையும்னு சொன்னா அவரு எதுக்கு காது குடுக்கோணும்? மில்லுக்காரர்கிட்டயோ அபார்ட்மெண்ட்லயோ அதச் சொல்லுங்க, எடுபடும்.

இப்படி எடுபடாத எடத்துல பேசறதும் ஒரு வீண்தானுங்க. டொயோட்டா கார் கம்பெனியில தாய்ச்சி ஓனோங்கற இன்ஜினியர், தொழில்ல வர்ற வீண 7 வகையா பிரிச்சாரு, அதுல மோசமானது தேவைக்கு மேல செஞ்சு குவிக்கறது. மார்க்கெட்டிங்ல அது டீலர் கடை பரண்ல கட்டுப் பிரிக்காம கெடக்கற நோட்டீசு. வீண கழிச்சு வேலை செய்யற அந்த மொறைக்கு லீன்ங்கற பேரு 1988லதான் ஜான் கிராஃப்சிக்ங்கற ஆராய்ச்சியாளரு கட்டுரையில வந்துச்சு. வாங்கறவரு எதுக்கு மனசார காசு குடுப்பாரோ அதுதான் மதிப்பு, கணக்கு அவ்வளவுதான்.

தோட்டம் வெச்சிருக்கற வெவசாயியோட பயமே வேறங்க. வோல்டேஜ் எறங்குனா மோட்டார் கரண்ட்ட ஜாஸ்தியா இழுக்கும், காயில் சூடேறி கருகிரும், அப்பறம் ஆழமான போர்ல இருந்து அத மேல தூக்க வண்டி புடிச்சு, ஆளு கூட்டி, காயில் கட்டிக் குடுக்கற வரைக்கும் கடைக்கு அலைஞ்சு, அதுக்குள்ள வாழை வாடிப்போயிரும். லோ வோல்டேஜ்ல தாங்குமா, ஸ்பேர் பக்கத்துல கெடைக்குமா, இதத்தான் அவரு மெக்கானிக்கிட்ட கேப்பாரு, மெக்கானிக் சொல்றதத்தான் வாங்குவாரு (ஹீரோ படம் போட்ட பேனர் பாத்து இல்லீங்க). சர்வேக்கு ஏஜென்சி புடிக்கற கம்பெனிக்காரங்க ஒரு நா காயில் கட்டற கடையில உக்காந்து, எந்த மோட்டார் எதனால எரிஞ்சு வருதுன்னு கேட்டுட்டு அப்பறமா நோட்டீசு அடிக்கட்டும்.