மாறுன ஃபைலை மட்டும் பில்ட் பண்றேன்னு தலையைக் கொடுத்த கதை

எங்க ப்ராஜெக்ட்ல பதினோரு சர்வீஸ், எல்லாத்தோட கோடும் ஒரே ரெப்போல, அதாவது ஒரே கோட் கிடங்குல. யாராவது ரீட்மீ ஃபைல்ல ஒரு எழுத்துப்பிழை திருத்துனாலும் கோடை தானா பில்ட் பண்ற (ஓடுற புரோகிராமாக்கி டெஸ்ட் பண்ற) ஜென்கின்ஸ் பதினொண்ணையும் மொதல்ல இருந்து பில்ட் பண்ணும், முக்கால் மணி நேரம் காலி. மாறுனதை மட்டும் பில்ட் பண்ண வைக்கிறேன்னு நானா போய் ஒத்துக்கிட்டேன்.

மேக்ங்கிற பில்ட் டூல் மாதிரி ஃபைல் மாறுன டைமைப் பாத்தா போதாதான்னு தோணுச்சு. ஆகாது, கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் பழைய டைமை வெச்சுக்காது, புதுசா க்ளோன் பண்ணா (நகல் எடுத்தா) எல்லா ஃபைலும் இப்பதான் பொறந்த மாதிரி நிக்கும். சரின்னு வித்தியாசம் காட்டுற கிட் டிஃப் கமாண்ட்ல கடைசி கமிட்டையும் (கிட்ல பதிஞ்ச ஒரு மாற்றம்) அதுக்கு முந்தினதையும் ஒப்பிட்டு, ஃபைல் பேரை மட்டும் எடுத்து, வரி எந்த ஃபோல்டர் பேர்ல ஆரம்பிக்குதோ அந்த சர்வீஸை பில்ட் பண்ற மாதிரி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆறே நிமிஷம். ஒரு வாரம் காலரைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் பில்லிங் சர்வீஸ்ல ஒரு ஃபிக்ஸ் போனப்ப டெஸ்ட் ஒண்ணு டைம்அவுட் ஆகி பில்ட் சிவப்பாயிடுச்சு, அதுக்கு மேல இன்னொருத்தர் டாக்குமென்ட்டை மட்டும் மாத்தி கமிட் பண்ணார், என் ஸ்கிரிப்ட் அந்த ஒரு கமிட்டை மட்டும் பாத்துட்டு எதுவும் மாறலைன்னு பச்சை காட்டிடுச்சு. பச்சைதானேன்னு ரிலீஸும் போயிடுச்சு, பில்லிங் மட்டும் பழசு. ரெண்டு நாள் பில்லிங் கோடைத்தான் திட்டிட்டு இருந்தோம். முந்தின கமிட்டோட ஒப்பிட்டதே தப்பு, கடைசியா பாஸான பில்டோட கமிட்டோட ஒப்பிடணும். அந்த ஐடியை கிட் ப்ரீவியஸ் சக்சஸ்ஃபுல் கமிட்னு ஜென்கின்ஸே ஒரு வேரியபிள்ல தருது. புது பிராஞ்ச்சோட மொத பில்ட்ல அது இருக்காது, அப்ப பதினொண்ணையும் ஓட்டிடணும்.

அதை மாத்துன கையோட இன்னொண்ணு. க்ளோன் சீக்கிரம் முடியணும்னு, கடைசி கமிட்டை மட்டும் எடுக்குற டெப்த் 1 போட்டிருந்தேன், அப்ப பழைய கமிட் அங்க எங்க இருக்கும்? பேட் ஆப்ஜெக்ட்னு கிட் கத்திட்டுதான் இருந்துச்சு, ஆனா அவுட்புட்டை பைப் வழியா அடுத்த கமாண்டான க்ரெப்புக்கு (வரி தேடுறது) அனுப்பினதுல எரர் அமுங்கிப்போய், வெறும் அவுட்புட்டை "மாற்றமே இல்ல"ன்னு ஸ்கிரிப்ட் எடுத்துக்கிச்சு. பைப்ல எந்த கமாண்ட் தோத்தாலும் மொத்தமும் தோத்ததா எடுத்துக்குற பைப்ஃபெயில் போட்டேன், டெப்த்தைத் தூக்கிட்டேன்.

கடைசியா வந்ததுதான் கூத்து. நோட்டீஸ் சர்வீஸ்ல மொழிபெயர்ப்பு ஃபைலுக்கு யாரோ ஆசையா "தமிழ்"னே பேர் வெச்சிருந்தாங்க. அதை எத்தனை தடவை மாத்தினாலும் பில்ட் ஆகல. லாக்ல பாத்தா "த" இருக்க வேண்டிய இடத்துல \340\256\244. ஆங்கிலம் இல்லாத எழுத்தை கிட் இப்படி எண்ணாக்கி, மொத்த ஃபைல் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டுடும். வரி ஃபோல்டர் பேர்ல ஆரம்பிக்காம மேற்கோள் குறில ஆரம்பிச்சா என் ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்! கோர் கோட்பாத்ங்கிற (core.quotePath) கிட் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கினதும் சரியாச்சு.

இப்பவும் எல்லா சர்வீஸுக்கும் பொதுவான காமன் ஃபோல்டர்ல கை வெச்சா பதினொண்ணும் ஓடும், அது அப்படியே ஓடட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி ஒரு தடவை முழு பில்டும் போட்டு வெச்சிருக்கேன், என் ஸ்கிரிப்ட்டை நானே இன்னும் முழுசா நம்பல.